கோட்டின் கை

நாரினில் ஜனவரி.
கணவாயைப் பனி மூடி மூன்றாம் நாள்.
பிஷ்கெக்குக்கு அனுப்பும் பேச்சே இல்லை.

பல் முளைக்கிறது என்றார்களாம் எல்லோரும்.
இரண்டு நாள் அதை நம்பியிருக்கிறாள் கன்யகுல்.
ஒன்பது மாதப் பிள்ளை
வீறிடும், முழங்காலை வயிற்றோடு இழுக்கும்,
பிறகு விளக்கை அணைத்தது போல
வெளிறிக் கிடக்கும்.
இருபது நிமிடம்.
மறுபடி.
அழுகையைவிட எனக்கு
அந்த அமைதியில்தான் பயம்.

வாந்தி முதலில் பால், பிறகு மஞ்சள்,
இப்போது பச்சை.
அணையாடையை விரித்துக் காட்டினாள்.
"எங்கள் வீட்டுக் கராகட் ஜாம் மாதிரி…"
சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலது விலாவுக்குக் கீழே
விரலில் தட்டியது ஒரு திரட்சி.
ஸ்கேன் திரையில் வளையத்துக்குள் வளையம்,
குறுக்கே அரிந்த வெங்காயம்.

தகப்பன் லாரி ஓட்டுபவன், பெயர் எசென்கான்.
ருஷ்யனில் சொன்னேன், கிர்கிஸில் சொன்னேன்,
தலையாட்டினான், கண் கேட்கவில்லை.
அவனுடைய ஆட்டுத்தோல் கோட்டை வாங்கி
ஒரு கையை உள்ளுக்குள் இழுத்துக் காட்டினேன்:
இப்படித்தான். குடல் தன்னையே விழுங்கியிருக்கிறது.
"அறுப்பீர்களா?"
முதலில் தள்ளிப் பார்ப்போம்.

நரம்பில் சொட்டு ஏறியது, மூக்கில் குழாய் இறங்கியது.
ரேடியேட்டர் மேல் வைத்துச் சூடாக்கிய உப்புநீர்ப் பை.
தாங்கியின் கொக்கி உடைந்திருந்ததால்
எசென்கானே பிடித்தான், மேசையிலிருந்து ஒரு மீட்டர்.
இன்னும் ஒரு சாண். அங்கேயே நில்.
அவன் கை நடுங்க
நீர் இறங்கியது.

திரட்சி பின்வாங்கியது. பெருங்குடல் வாசலில் நின்றது.
மூன்று நிமிடம்.
பையை இறக்கு.
இரண்டாம் முறையும் அங்கேயே நின்றது.
கதவருகே ஜிர்கல்பெக்,
கழுவிய கைகளை உயர்த்தியபடி,
கத்திக்குத் தயாராக.

மூன்றாம் முறை
வாசல் வழிவிட்டது.
கறுப்பு நீர் சிறுகுடலெங்கும்
தேன்கூடாய்ப் பொலபொலவென்று நிறைந்தது.
"வீணாய்க் கை கழுவினேன்," என்றான் ஜிர்கல்பெக்.
வீணானதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட மனிதனை
நான் பார்த்ததில்லை.

பத்தில் ஒன்று திரும்ப மடங்கும் என்று சொல்லியிருந்தேன்.
சொல்லியிருக்க வேண்டியதுதான்; ஆனாலும்.
இரவு முழுக்கக் கட்டிலருகே அவன்,
கோட்டில் ஒரு கை நுழைத்து, ஒரு கை நுழைக்காமல்.
நான் மடித்த கை மடித்தபடியே தொங்கியது.

நாலரை மணிக்கு
பிள்ளையிடமிருந்து ஒரு சின்னச் சத்தம்.
பிறகு நாற்றம்.
கன்யகுல் சிரித்தாள், அழுதாள், ஜன்னலைத் திறக்கவில்லை.

எசென்கான் என்னைப் பார்த்தான்.
"இப்போது வெளியே இழுக்கலாமா?"
இழு, என்றேன்.