மரத்தூள்

கச்சான் அடங்கி, வாடை இன்னும் பிடிக்காத வாரம்.
கீழக்கரை ஜெட்டிச் சாலையில்
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் லேண்ட்மாஸ்டரை.
ஐம்பத்தாறு மாடல். தேங்காய்ப்பால் நிறம்.
ஸ்டியரிங்கைப் பிடித்து வந்த சுலைஹா நாச்சியா
இறங்கியதும் சொன்னார்:
"அழுதுக்கிட்டே கெடந்துச்சு சந்தியாகு.
நேத்து முறிஞ்சு போச்சு.
மாப்பிள்ளை உள்ள உக்காந்திருக்கயிலே."

உப்புக்காற்று தின்ற நட்டுகள்.
மண்ணெண்ணெய், சுத்தியல், மறுபடி மண்ணெண்ணெய்,
கடைசியில் நெருப்பு.
இடது ஹாஃப் ஷாஃப்ட்
முறிந்த முகத்தில் பாதி புதுசு, பாதி துரு:
என்றோ விரிசல் விட்டு
சொல்லாமல் ஓடியிருக்கிறது.

டிரெயின் பிளக்கைக் கழற்றினேன்.
எண்ணெய் வரவில்லை.
விரலை விட்டு நோண்ட
கம்பங்கூழ் பதத்தில் வந்தது, கறுப்பாய்.
தேய்த்துப் பார்த்தேன். நார் நாராய்.

அயினி மரம்.
வத்தை கட்டும் கொட்டகையில்
ரம்பத்துக்குக் கீழே குவிகிற தூள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
தரகர் காசிலிங்கம் இருநூறு ரூபாய் கொடுத்தார்.
ஒரு டால்டா டப்பா நிறையக் கொட்டினேன்.
பல் தேய்ந்த கிரவுன் வீல்
பஞ்சில் நடப்பதுபோல் நடந்தது.
வாங்கப்போவது யாரென்று நான் கேட்கவில்லை.
அந்தக் காசில் வாங்கிய அரை இஞ்ச் ஸ்பேனரால்தான்
இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன அது?"
"அழுக்கு" என்றேன்.

மதுரையிலிருந்து கிரவுன் வீலும் பினியனும்
ஜோடி பிரியாமல் சாக்கில் வந்தன.
பேரிங் புதுசு, சீல் புதுசு.
சிம் தகடு ஒன்று வைத்தால் இறுக்கம்,
எடுத்தால் கடகட.
பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்கப்
பூசும் நீலம் என்னிடம் தீர்ந்திருந்தது.
நாச்சியா வீட்டுக்குப் போய்
சுருமாச் சிமிழோடு திரும்பி வந்தார்.
கிரீஸில் குழைத்துப் பூசிச் சுற்றினேன்.
தடம் ஓரத்தில் விழுந்தது. பிரித்தேன்.
அடியில் விழுந்தது. பிரித்தேன்.
ஐந்தாம் நாள், அஸருக்குப் பாங்கு கேட்கும்போது
பல்லின் நடுவே, ஒரு நெல் அளவுக்கு,
மை விலகி எஃகு தெரிந்தது.

ஏர்வாடிச் சாலை. அவரே ஓட்டினார்.
நாற்பது. ஐம்பது.
உடைமரங்கள் பின்னால் போயின.
கூலியை எப்படிக் குறைத்துச் சொல்வது,
குறைத்தால் ஏனென்று கேட்பாரே என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
"சத்தமே இல்ல."
"இல்ல."
"வாங்குன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

ஓரங்கட்டி நிறுத்தினார்.
நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
அடியில் போய்ப் படுத்தேன்.
முதுகில் கிளிஞ்சல் குத்தியது.
மேல் பிளக்கைத் திறந்து
சுண்டுவிரலை விட்டு எடுத்து
வெயிலுக்கு நீட்டினேன்.
சூடான எண்ணெய், தேன் நிறம்.

நாச்சியா குனிந்தார்.
என் விரலிலிருந்து ஒரு சொட்டு வழித்து,
கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே
மெல்லத் தேய்த்தார்,
நார் தட்டுகிறதா என்று.