ஆளுக்கு ஏழு கிலோ

குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று.
பையோடு ஏறு. பையில்லாமல் ஏறு.
மீதி என்ன, சொல்.
தேஷனுக்குக் கழித்தல் கணக்கு
இந்த மாதத்தில்தான் ஒழுங்காக வந்தது.
பள்ளியில் ஒரு வருஷம் விடுப்புக் கேட்டபோது
தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
"உலகம் முழுக்கவா?" என்றார்.
முழுக்க இல்லை மேடம்,
விசா கொடுக்கிற அளவுக்கு.

பூபாலனின் கம்பெனி மூடும்போது கொடுத்த பணம்.
இருபத்திரண்டு வருஷம் செருப்புக்கு அடி ஒட்டியவர்
இனிமேல் நடக்கப் போகிறேன் என்றார்.
மாடி எடுக்கலாமே என்றாள் நாத்தனார்.
கோயில் வாசலில் ஒருவர்
டொயோட்டாவின் விலையே சொல்லிவிட்டார்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு ஒரு சரிவு.
மேல் முனையில் நின்றால் கூரைகள்,
கூரைகளுக்கு அப்பால் கடல்
ஒரு விரல் அகலம்.
அந்த ஒரு விரலை நம்பித்தான் இத்தனை திட்டமும்.

குளிர்பெட்டிக் கதவில்
பட்டியலைத் தமிழில் எழுதி ஒட்டினேன்.
சனிக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்து,
வளைவுகள் இன்னும் கையில் நிற்கின்றன.
வீட்டில் வேறு யாருக்கும் படிக்க வராது.
பூபாலனுக்குப் பேச வரும், திட்ட வரும்,
எழுத்தென்றால் முறுக்கு பிழிந்த மாதிரி இருக்கிறது என்பார்.
அந்தத் தைரியத்தில்
மஞ்சள் காய்ச்சல் அட்டை,
மூன்று மாத வங்கிக் கணக்கு,
தேஷனின் மூச்சு மருந்து இரண்டு, கொசுவலை
எல்லாவற்றுக்கும் கீழே
பயம்
என்று எழுதினேன்.
அதற்கும் கீழே, பிளக் மாற்றி.

வாடகைக்கு வருகிற ஃபீனிக்ஸ் தம்பதி
டேப்போடு வந்து ஜன்னல்களை அளந்தார்கள்.
அலாரம் எண்ணைச் சொன்னேன்.
யார் பிறந்தநாள் என்றாள் அந்தப் பெண்.
திருடன் வந்த தேதி என்று சொல்லவில்லை.
குப்பை வண்டி எந்தக் கிழமை?
புதன்.
கறுப்புப் பை சமையலறைக்கு,
ஆரஞ்சுப் பை காகிதத்துக்கு.
சொல்லும்போதே தொண்டை அடைத்தது.
அழுவதற்கு எவ்வளவோ இருக்க,
போயும் போயும் குப்பைக்கா.

பிஸ்கட்டை எதிர்வீட்டுத் திருமதி ம்கிசே பார்த்துக்கொள்வார்.
பூபாலன் அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார்.
வால் ஆடிய ஆட்டத்தில் முள் நிற்கவேயில்லை.
பத்தொன்பது என்றான் தேஷன்,
இல்லை, பதினெட்டு.
எந்தப் பையிலும் போகாததை எதற்கு நிறுக்கிறோம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

சரிஷ்காவுக்குப் பதினான்கு.
வரமாட்டேன் என்று ஒரு நாள் கத்தினாள்,
பிறகு மூன்று வாரம் காதில் ஹெட்போன்.
நேற்றிரவு மின்வெட்டு. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன்.
குளிர்பெட்டியும் மூச்சை நிறுத்தியிருந்தது.
அதன் முன்னால் கைபேசி வெளிச்சத்தில் அவள்.
கேமரா என் எழுத்தின் மேல்,
திரையில் ஆங்கிலம்
துள்ளித் துள்ளித் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது.
முறுக்கு பிழிந்ததை எல்லாம் அது படித்துவிடுமாம்.
சத்தமில்லாமல்
தாகத்தோடு திரும்பிப் போனேன்.

காலையில் பார்த்தேன்.
கொசுவலைக்கு டிக் இல்லை. அட்டைக்கும் இல்லை.
அந்த மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் மட்டும்
ஊதா மையில் ஒன்று.
எடுத்து வைத்தாயிற்று என்று அர்த்தம்.
யார் பையில் என்று நான் கேட்கவில்லை.
சாயங்காலம் அவள் பை
ஏழு கிலோ இருநூறு காட்டியது.
ஒரு ஜீன்ஸை உருவிச் சோபாவில் எறிந்தாள்,
மறுபேச்சில்லாமல்.

வியாழன் விமானம்.
புதன் விடியலில் நானே பைகளை வெளியே வைத்தேன்.
ஆரஞ்சுப் பை பாதிகூட நிறையவில்லை.
வண்டி சரிவில் இறங்கி வந்தபோது
எதிர்ப்பக்கத்து வேலிக்குள்ளிருந்து
பிஸ்கட் குரைத்தான்,
எங்கள் வாசலில் இருந்து குரைப்பது போலவே.