கடல் தெரியும் அறை

தை மாதம் பினாங்கில் நாங்கள் பார்த்து வைத்தது
கடல் தெரியும் அறை, ஏழு இரவு.
மாசியில் அது கடல் கேட்கும் அறையானது.
சித்திரைக்குள்
கடல் இருக்கிற ஊரில் ஏதோ ஓர் அறை,
நாலு இரவு.
நாங்கள் எதையும் மாற்றவில்லை.
கியாட்தான் மெலிந்துகொண்டே போனது.

ரங்கூன் மொகல் தெருவில் காலையில் ஒரு விலை;
மொஹிங்கா தின்று கை கழுவி வந்தால்
வேறு விலை.
"நீங்கள் மென்ற நேரத்துக்கு எட்டாயிரம்"
என்று சிரிக்கிறான் கோ ஸா வின்.

வாங்கிய டாலரைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து
அதன்மேல் அரிசி டின்னை ஏற்றினாள் அஞ்சலை.
மடிப்பு விழுந்த தாளை இங்கே
எவனும் முழு விலைக்குத் தொடமாட்டான்.
நேற்று எண்ணிப் பார்க்க எடுத்தேன்,
தும்மிவிட்டேன்.
தாளில் இருக்கும் பெரியவரின் மூக்குக்குக் குறுக்கே
ஒரு கோடு.
"ஒரு தும்மல், அரை இரவு" என்றாள்,
தலை நிமிராமல்.

இன்று கியாட் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.
வாங்கி முடித்தவனைப் பார்த்துத்தான்
அதற்கு ஏறத் தோன்றும்.

மூன்றரை இரவை எந்த ஊரில் விற்கிறார்கள்
என்று கேட்டேன்.
அவள் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கி
தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.
இன்னொரு தும்மல் வந்தது.
மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.