கோலன் ஜீரோ

வில்லாபுரத்தில் ஒற்றை அறை, இரவு ஒன்றே முக்கால்.
கப்பலூர் ரப்பர் ஆலையின் லினக்ஸ் பெட்டி
பைபாஸில் அரைமணி தள்ளி.
அதற்குள் ஓடும் நிரலுக்கு ஒரு ஜன்னல் உண்டு,
ஆறு அச்சுகளின் சூட்டையும் கோடுகளாகக் காட்டும்.
அது இங்கே, என் மடிக்கணினியில் திறக்க வேண்டும்.

காட்சியைத் திறக்க முடியவில்லை.

எக்ஸ் போட்டு நுழைந்தேன்.
எக்ஸ் என்றால் உன்னை முழுதாக நம்பவில்லை என்று பொருள்.
ஒய் போட்டு நுழைந்தேன்.
ஒய் என்றால் சரி, நம்பித் தொலைக்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே பதில்.

இந்த ஏற்பாட்டிலேயே ஒரு கோணல்:
தூரத்தில் வெந்துகொண்டு வேலை செய்வது கிளையன்ட்,
என் மடியில் சும்மா ஒளிர்வதுதான் சர்வர்.
பதினோரு வருடமாகப் புதுப் பையன்களுக்குச் சொல்லித் தருகிறேன்.
இன்றும் விரலை நீட்டித் திசை பார்த்துக்கொண்டுதான்.

கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன்.
அனுமதி 'எஸ்' என்றே இருந்தது.
வரிக்கு முன்னால் கமென்ட் குறி ஒளிந்திருக்கவில்லை.
ஃபயர்வாலைத் திட்டினேன், அது பாட்டுக்கு இருந்தது.
பிறகு பொறுமை போய்,
செய்யாதே என்று நானே சொல்லித்தரும் காரியம் செய்தேன்:
டிஸ்ப்ளே சமம் கோலன் ஜீரோ.
சோதனைக்கு அந்த இரண்டு கண்களை அனுப்பினேன்,
கர்சர் போகும் பக்கமெல்லாம் விழி உருட்டும் பழைய விளையாட்டு நிரல்.

பிழை வரவில்லை.
கண்ணும் வரவில்லை.
திட்டு வாங்குவது தேவலை,
இந்த மாதிரி வாய்மூடி நிற்பதற்கு.

செல்போன் அடித்தது. ஒச்சப்பன், நைட் வாட்ச்மேன்.
"யக்கா, சூப்பர்வைசர் ரூம்ல டார்ச் லைட்ட வைக்கப் போனேன்,
மவுஸ் தட்டிருச்சு.
கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு கண்ணு.
இமைக்கவே மாட்டேங்குது."

இமைக்காத கண்ணைப் பற்றி மதுரைக்காரனிடம்
நான் என்ன விளக்க.
"மவுஸைத் தொடு" என்றேன்.
"ஆத்தாடி, என் கையவே பாக்குது."

ஆக, திறக்காமல் இல்லை.
என் வீட்டில் திறக்கவில்லை.

மேலே ஸ்க்ரோல் செய்தேன்,
நுழைந்ததும் வந்து ஓடிப்போன முதல் வரி வரைக்கும்.
அடையாளக் கோப்பைப் பூட்ட இயலவில்லை.
மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும்
கீழே என்ன வரப்போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் நூறு சதவீதம்.
உள்ளே நாற்பத்தோரு ஜிபிக்கு ஒரே லாக்,
ஒரே வரி:
அச்சு நான்கு சென்சார் பதில் இல்லை
அச்சு நான்கு சென்சார் பதில் இல்லை
போன தீபாவளியிலிருந்து, நொடிக்குப் பல தடவை,
யாரும் கேட்காத ஒரு முறையீடு
வட்டு நிறையும் வரைக்கும்.
நான் யாரென்று அந்தப் பெட்டி குறித்துவைக்க
முப்பத்திரண்டு எழுத்துக்கு இடம் போதும்.
அது இல்லை.

லாக்கைக் காலி செய்தேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியுடன்
கடைசி நூறு வரியை மட்டும் எடுத்துவைத்தேன், முதலாளிக்குக் காட்ட.
வேறு டெர்மினலில் புதிதாக நுழைந்தேன்.
கண்கள் வந்தன,
ஓரம் நெளிய, மெதுவாக,
பைபாஸின் எல்லாச் சிக்னலிலும் நின்று வந்ததுபோல.
பிறகு வரைபடம்.
ஐந்து கோடுகள் நூற்றெழுபதுக்குப் பக்கத்தில்.
நான்காவதன் இடத்தில் வெள்ளை.

ஒச்சப்பன் இன்னும் லைனில்தான் இருந்தான்.
நாற்காலி இழுக்கும் சத்தம்.
"இங்கன இருக்கறது இருக்கட்டுமாக்கா?
ஒண்ணும் தொந்தரவில்ல."

"அஞ்சரைக்கு நானே கில் பண்ணிடறேன்" என்றேன்.

"எதக்கா?" என்றான்.