என் சட்டியில் ஒரு நாற்காலி

சட்டி என்னுடையது.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
அடி தடித்தது, மூன்று லிட்டர் பிடிக்கும்,
பீட்ரூட் சூப்புக்காக வாங்கினேன்.
இப்போது அதில் ருஸ்னே
நாற்காலி காய்ச்சுகிறாள்.

காசு கொடுத்து வாங்காத பொருளில்
ஒருவர் உட்கார ஓர் இடம்.
கல்லூரி தந்த வேலை இவ்வளவுதான்.
அவகாசம் ஆறு வாரம்.
மந்த்வீதாஸ் பழுதான டிராலிபஸ் டயரை அறுத்தான்,
கவிழ்த்தான், உட்கார்ந்தும் காட்டினான்.
இரண்டாம் நாளே பீர் குடிக்கப் போய்விட்டான்.

இவளோ விடுதிச் சமையற்கட்டில்
வாளியோடு நின்றாள்.
துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் பிழிந்து
கொட்டவிருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கினாள்.
அடியில் படிந்த வெள்ளையை
விரலால் தொட்டால் கல்,
விட்டால் பால்.
ஒரு மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்,
தொட்டு, விட்டு, தொட்டு.

கிளிசரின் நான் கொடுத்தேன்.
மருந்தியல் ஆய்வகத்திலிருந்து, அரைக் குப்பி.
வெளியே சொல்ல வேண்டாம்.

வெண்மை போய்க் கண்ணாடியாகும் கணம் ஒன்று உண்டு.
அதற்கு முன் இறக்கினால் கஞ்சி.
தவறவிட்டால்
தேய்த்துக் கழுவுவது நான்.

துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேர்ந்த பஞ்சு,
காபிச் சக்கை, முட்டையோடு,
தெரியாமல் விழுந்த என் சாம்பல்நிறக் காலுறை ஒன்று,
எல்லாம் உள்ளே போயின.
தகடு தகடாக ஊற்றி ரேடியேட்டர்மேல் பரப்பினாள்.
நள்ளிரவில் அவை விரிசல் விட்டன.
டப்.
திடுக்கிட்டு எழுவேன் நான்.
எழுந்து கைதட்டுவாள் அவள்.

எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எழுதி வை என்றேன்.
எழுதியும் வைத்தாள்.
பதினேழு: சிரிக்கிறது.
பதினெட்டு: கோபக்காரன்.
பத்தொன்பது: தவளை, தொடாதே.
இருபத்து நான்காவதைத் தலைமேல் கவிழ்த்து
குழாயடியில் நின்று
மழை எப்படிக் கேட்கிறதென்று சொன்னாள்.
விளையாட்டு வினையாகும் என்றேன்.
ஆகட்டும், வினைக்குத்தானே மதிப்பெண் என்றாள்.

முப்பத்தொன்றாவதில் கோதுமையுமி சேர்த்தாள்.
அதுதான் நின்றது.
நான்கு கால் பொருத்தினோம், ஒடிந்தது.
மூன்றாக்கினோம், சாய்ந்தது.
ஒப்படைக்க ஒரு நாள் பாக்கி.
பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பனிக்குள் இறங்கிப் போனாள்.
சட்டி என்னுடையது என்பதால்
நானும் பின்னால் போனேன்.

மேட்டில் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் கேட்டான்:
அது என்ன?
நாற்காலி.
கால் எங்கே?

ருஸ்னே பலகையைப் பனியில் போட்டாள்,
அமர்ந்தாள், அவனை முன்னால் இழுத்து வைத்தாள்.
எண்ணிப் பார்.
உனக்கு இரண்டு, எனக்கு இரண்டு.

கீழே, கௌனஸ் நகரத்து விளக்குகள் வரை
ஒரே கூச்சல்.

பிறகு வரிசை நின்றது.
ஒன்பது குழந்தைகள், ஒரு தபால்காரர்,
கடைசியாக நான்.
ஒவ்வொரு முறையும் ஓரம் கொஞ்சம் கரைந்தது.
என் முறைக்கு, சூப்புத் தட்டளவுதான் மிச்சம்.
அதிலும் உட்கார முடிந்தது,
பாதி.

காலையில் அந்த மிச்சத்தை
என் சட்டியில் போட்டு
சட்டியோடு எடுத்துப் போனாள்.
என்ன மதிப்பெண் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
திரும்பி வந்தவள் பூட்ஸோடு தூங்கிப்போனாள்.
சட்டி இன்னும் கல்லூரியில்தான் இருக்கிறது.

இப்போது சூப் வைப்பது வாணலியில்.
ஆழம் போதவில்லை, சிந்துகிறது.
நேற்றுச் சிந்தியது ரேடியேட்டர் ஓரம் ஓடி
சிவப்பாய் ஒரு வால் நீட்டியது.
துடைக்கத் துணி எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
உலர்ந்தால் எந்தப் பக்கம் சுருளும் என்று
பார்க்க வேண்டும்.