செருப்பு கடிக்கிறது

மூன்றாம் சுருளில் ஓட்டிலி சாகிறாள்.
வெள்ளைத் தலையணை, மெழுகுவத்தி,
காலடியில் மண்டியிட்ட குதிரைப்படை அதிகாரி.
அரங்கெங்கும் கைக்குட்டைகள்.
திரையில் எழுத்து விழுகிறது:
"என்னை மன்னித்துவிடுங்கள், ஆல்பிரெக்ட்."

நான் சிரித்துவிட்டேன்.
முன்வரிசைப் பெண்மணி திரும்பி முறைத்தாள்.
பாவம், அவளுக்குக் காது கேட்கும்.
உதடு படிக்கத் தெரியாது.

ஓட்டிலி சொன்னது இதுதான்:
"செருப்பு கடிக்கிறது, சீக்கிரம் முடியுங்கள்.
உருளைக்கிழங்கை அடுப்பிலேயே விட்டு வந்திருக்கிறேன்."

(சாகிறவள் எதற்காகச் செருப்போடு படுத்திருந்தாள்?
இன்றுவரை விளங்கவில்லை.)

நான் பிரெஸ்லாவில் அச்சுக் கோப்பவன்.
நான்கு வயதில் வந்த காய்ச்சல்
காதை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுப் போனது.
இயந்திரம் இரையும் அறையில் என்னைப்போல் ஐந்து பேர்.
முதலாளிக்கு வசதி.
ஈயத்தில் இடவலம் மாறிய எழுத்தைப் படித்துப் பழகிய கண்
சனிக்கிழமை கூலி வாங்கியதும்
அவள் வாயைப் படிக்கப் போகும்.

பத்திரிகையில் அவள் ஒரு பாரனின் மகள்,
வியன்னாவில் வளர்ந்த ஓட்டிலி ஃபான் ரீடன்.
எட்டுப் புள்ளி எழுத்தில் நானே கோத்திருக்கிறேன்.
ஆனால் 'உருளைக்கிழங்கு' என்னும்போது
கீழுதடு ஒருபக்கம் இழுபடுகிறதே,
அது வால்டன்புர்க் நிலக்கரிக் குழிப் பக்கத்து வாய்.
என் அம்மாவின் வாய்.

எழுதினேன்.
ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது,
ஓட்டிலி க்ளோஸே என்று கையொப்பமிட்டு.

"என் கண் வெளிர்நீலம். படச்சுருளில் நீலம் விழாது,
குருடி மாதிரி வெளுத்துவிடும்.
அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பையன்
கறுப்பு வெல்வெட் பிடித்து நிற்பான்.
அதைப் பார்த்தால் கண்மணி விரியும்.
இதுவரை நான் காதலித்ததெல்லாம் அந்தத் துணியைத்தான்.
முகத்தில் மஞ்சள் பூச்சு, நேரில் பார்த்தால் காமாலைக்காரி.
கூலியைத் துணிக்கூடையில் சுமந்து ஓடுகிறேன்.
மதியத்துக்குள் வாங்காவிட்டால்
வெண்ணெய் விலை இன்னொரு கூடை கேட்கும்.
என் வாயை எவனும் கவனிப்பதில்லை என்றிருந்தேன்.
இனி வாயை அடக்கவேண்டுமா, என்ன?"

அடக்கவில்லை.
அடுத்த படத்தில், நடனக் கூடத்தில்,
விசிறியை மடக்கிவிட்டு நேராகப் பார்த்தாள்:
"பிரெஸ்லாவ்காரரே, அங்கே குளிரா?"
எழுத்து விழுந்தது:
"நான் உங்களை ஒருநாளும் நேசித்ததில்லை."
நானூறு பேர் பெருமூச்சு விட்டார்கள்.
நான் இருட்டில் தலையாட்டினேன். குளிர்தான்.

இருபத்தொன்பதில் படம் பேசத் தொடங்கியது.
அவளை ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்களாம்.
ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம்.
பாரனின் மகள் வாயில் நிலக்கரி.
'சொந்தக் காரணங்களால் ஓய்வு பெறுகிறார்':
நான்காம் பக்கம், அடிமூலை.
அதையும் நான்தான் கோத்தேன்.
'ஓய்வு' என்ற சொல்லில் ஓர் எழுத்துக் கீழே விழுந்தது.
தேடி எடுத்து வைத்தேன்.

எனக்கும் அதே வருடம்தான் திரை சாத்தியது.
எழுத்து விழுவது நின்றது.
நடிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள்,
பூச்சாடிக்குள் ஒளித்த ஒலிவாங்கியோடு.
பழைய சுருள்களை எடைக்கு வாங்கிக்
கொதிக்கவைத்து வெள்ளி எடுக்கிறார்கள் என்று கேள்வி.
'கேள்வி' என்பது பேச்சு வழக்கு, படித்ததுதான்.

முப்பத்திரண்டு நவம்பர், கோர்லிட்ஸ் ரயில் நிலையம்.
எதிர் நடைமேடையில் பெர்லின் வண்டி.
மூன்றாம் வகுப்புச் சன்னலில் ஒருத்தி,
மடியில் உள்ளாடை மாதிரிகளின் பெட்டி.
ஏதோ கணக்கு முணுமுணுக்கிறாள்.
கீழுதடு ஒருபக்கம் இழுபடுகிறது.

கண் நீலம்.
கடிதத்தில் படித்த நீலம்.

தண்டவாளத்துக்கு இப்புறம் நின்று
கையை ஆட்டி, சத்தமில்லாமல் கேட்டேன்:
"உருளைக்கிழங்கு?"

நிமிர்ந்தாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு கண்ணாடிக்குப் பின்னிருந்து
நிதானமாக, ஒவ்வோர் அசையாக:
"தீய்ந்தே போச்சு."

வண்டி நகர்ந்தது.
இன்னும் ஏதோ சொன்னாள்.
நடுவில் நீராவி.