பத்தொன்பது

ஆனி பிறந்து நாலாம் நாள்.
புளியரையில் மழை இல்லை, வெயிலும் இல்லை,
கம்ப்ரஸர் மேல் போட்ட சாக்கைச்
சாரல் நனைத்துக்கொண்டிருந்தது.
வைக்கோல் லாரிகளுக்கு நடுவே
எலுமிச்சை நிறத்தில் ஒரு வண்டி
தரையோடு தரையாக ஊர்ந்து வந்து நின்றது.

புனலூரில் பல் டாக்டராம், ஜெஸி தரகன்.
தென்காசியில் தம்பி வீட்டு ஷெட்டில்
கோடை முழுக்கக் கிடந்த வண்டி.
மழைக்கான நாலு சக்கரமும்
பழைய போர்வை சுற்றி
மினி டெம்போவில் பின்னால் வந்தன.
"இப்ப இருக்கிறது வெயில் டயர்.
மழையில சோப்புக்கட்டி.
அங்க இடவப்பாதி தொடங்கி பதினேழு நாளாச்சு" என்றார்.

என் ஜாக்கி அடியில் நுழையவில்லை.
லாரிக்குக் குனிவேன், பஸ்ஸுக்குக் குனிவேன்,
இதற்குப் படுக்க வேண்டியிருந்தது.
இரண்டு பலாப்பலகை வைத்து ஏற்றச் சொன்னேன்.
அவர் ஏற்றிய பக்குவத்தில்
பலகை முனகக்கூட இல்லை.

கழற்றிய சக்கரங்களில் சாக்பீஸால் எழுதினேன்:
மு.இ., மு.வ., பி.இ., பி.வ.
ஐப்பசி வரை என் பரணில்.

மழை டயரில் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டு,
தண்ணீர் ஓரமாய் விலகிப் போக.
பக்கத்தில் ஒரு அம்புக்குறி.
அம்பு போகிற திசையில்தான் உருள வேண்டும்.
பேச்சுவாக்கில் ஒன்றை இடம் மாற்றி மாட்டிவிட்டேன்.
அவர் வாய் திறக்கவில்லை.
அம்பின் மேல் விரலை வைத்தபடி நின்றார்,
சொத்தை எது என்று காட்டுவது போல.

நட்டு முறுக்க
ஸ்பானர் மேல் ஏறி மிதிக்கிற ஆள் நான்.
போதும் என்று என் குதிகால் சொல்லும்,
இருபத்திரண்டு வருஷமாக.
அவர் பெட்டியிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்தார்.
கைப்பிடியில் எண்கள். நூற்றிருபதில் வைத்து,
ஒன்று விட்டு ஒன்றாக,
ஒற்றைக் கையால் இழுத்தார்.
டிக்.
"அவ்வளவுதான். அதுவே சொல்லும்."

என்னிடம் கொடுத்தார். டிக் கேட்டது.
கேட்ட பிறகும் பழக்கத்தில்
இன்னொரு இழு இழுத்துவிட்டேன்.
தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து.

பில்லோடு சொன்னேன்:
"அம்பது கிலோமீட்டர் ஓடினதும்
ஒருக்க முறுக்கிப் பாக்கணும்."
"அம்பதில் நான் என் வீட்டு வாசலில் இருப்பேன், மைதீன்."
"அப்ப நீங்களே பாத்துட்டு ஒரு தகவல் போடுங்க."

நூறு குதிரையோ முந்நூறோ,
எஸ் வளைவில் எல்லாம் ஒன்றுதான்.
முன்னால் போன வைக்கோல் லாரி
ஆள் நடக்கிற வேகத்தில் ஏற,
பின்னால் அந்த எலுமிச்சை
உதிர்ந்த துரும்புகளை முதுகில் வாங்கிக்கொண்டு
மேகத்துக்குள் போனது.

ராத்திரி சோறு போடும்போது
பாத்திமுத்துவிடம் அந்த ஸ்பானரைப் பற்றிச் சொன்னேன்.
"போதும்னா அதுவே சத்தம் கொடுக்கும்."
"உங்க வாய்க்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றாள்.

ஒன்பதே முக்காலுக்குத் தகவல் வந்தது.
பேச்சே இல்லை.
ஓட்டுக் கூரையில் கொட்டுகிற மழை,
அதற்குள்ளே டிக். டிக்.
சக்கரத்துக்கு ஐந்து.
விரல் மடக்கி எண்ணினேன். பத்தொன்பது.

திரும்பப் போட்டேன்.
மூன்றாவது சக்கரத்தின் போது
எங்கோ ஒரு பஸ் ஹாரன் நீளமாய் அடிக்கிறது.
அதற்கு அடியில் ஒன்று இருக்கலாம்.
பாத்திமுத்துவும் காதை வைத்துக் கேட்டாள்.
"இருபதுதான்" என்றாள்,
சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே.
எனக்குப் பத்தொன்பது.

போன் போட்டேன்.
பரிதிக்குப் புறத்து என்றாள்
மலையாளத்தில் ஒருத்தி, ரொம்பப் பொறுமையாக.
அந்தப் பக்கம் மழைக்கு டவர் படுத்துவிடும்.

எழுத்துக் கூட்டி அடித்தேன்:
மூணாவது சக்கரம், இன்னொருக்க.

சாம்பல் நிறத்தில்
ஒரு டிக் விழுந்தது.
ஒன்றே ஒன்று.